பாதிக் கொக்கு

மயிலாடி,
9 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பான மாமிக்கு,

ஸ்மைலினின் ஸ்தோத்திரம். நான் இங்கே சுகம். மஸ்கட்டில் ஜெனித்தும் சுகம், நேற்று பேசினார். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? ராகேலும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம்தானே?

போனில் பேசினால் ராகேல் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பிள்ளை பிடுங்குகிறது, வீட்டுக் காரியம் எதுவானாலும் தபாலில் எழுது என்று திருப்பூருக்குக் கிளம்பும்போது சொன்னீர்கள். கிளைத் தபால் நிலையத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தவர் சொன்னால் கேட்காமல் முடியுமா? அதனால் எழுதுகிறேன்.

தேங்காய் வெட்டியாகிவிட்டது. கிணற்றடிப் பலாவில் இந்த வருஷம் காய் அதிகம். சபையில் புது ஐயர் வந்திருக்கிறார். பிரசங்கம் கொஞ்சம் நீளம். ஆராதனை முடிந்து எல்லாரும் உங்களைத்தான் விசாரிக்கிறார்கள்.

இந்த மூன்றாம் தாளில் எழுதுவதைப் படித்துக் கோபப்படக்கூடாது. மாமாவின் போட்டோ பிரிண்டரை நான் கைவைத்துவிட்டேன்.

மாமா போன பிறகு யாரும் தொடவில்லையே, தூசி தட்டலாம் என்று மேலே போட்டிருந்த துணியை எடுத்தேன். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு மட்டும் மின்னியது. கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டருக்கு சர்வீசுக்கு வரும் முருகதாஸைக் கூப்பிட்டேன். நாகர்கோவிலிலிருந்து வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“யாருங்க இதை ஓடிக்கிட்டு இருக்கும்போதே செவருல இருக்க சுவிட்சுல அணைச்சது? மிஷினுல இருக்க பட்டனை அமுக்கினா, மை தெளிக்கிற ஹெட்டு அது இடத்துக்குப் போயி மூடிக்குள்ள உக்காரும். இது நடுவழியில நிண்ணு காஞ்சு கருவாடாட்டு போச்சு.”

உள்ளே ஒரு தாள் சிக்கியிருந்தது. மாமா கடைசியாக அடிக்கக் கொடுத்த படம். தேரூர் குளத்துப் பச்சை; அதில் ஒரு வெள்ளைக் கொக்கு. அலகும் கழுத்தும் முதுகில் பாதியும் வந்திருக்கின்றன. அதற்குக் கீழே வெறும் தாள். மாமாவின் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

புது ஹெட் போடத்தான் வேண்டும், போடுவதென்றால் துணிக்குப் படம் அடிக்கிற மாதிரி மாற்றிவிடலாம், வீட்டிலிருந்தே தொழில் செய்யலாம் என்றார் முருகதாஸ். நான் சரி என்றுவிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று பயந்து கேட்கவில்லை. இனி அதில் மாமாவின் போட்டோக்களைத் தாளில் எடுக்க முடியாது.

இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை மாமி. எப்போது வருகிறீர்கள்?

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ஸ்மைலின்


திருப்பூர்,
18 ஜூன் 2024

அன்பு மருமகள் ஸ்மைலினுக்கு,

மாமியின் வாழ்த்துதல். உன் கடிதம் நாலாம் நாள் வந்து சேர்ந்தது. தூரத்துக்கு மோசமில்லை. நாங்கள் எல்லோரும் சுகம். முட்டு வலிக்கிறது, வலிக்காத நாளில்தான் பயம் வருகிறது.

பலாக்காயைச் சும்மா விடாதே. சக்கை அவியல் வை, மிச்சத்தை வற்றல் போடு. தெற்குப் பக்கத்துக் காய் நாராக இருக்கும். அதை யாருக்காவது கொடுத்துவிடு. புது ஐயரின் நீளமான பிரசங்கத்துக்கு முதல் பெஞ்சில் உட்காராதே, தூங்கினால் தெரிந்துவிடும்.

இங்கே வீட்டைச் சுற்றி எல்லாம் பனியன் கம்பெனி. எந்நேரமும் தையல் மிஷின் சத்தம். எதிர்வீட்டில் கபிரியேல் என்று நம்மூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் சின்னதாக யூனிட் வைத்திருக்கிறார். கடியப்பட்டணத்தில் பிறந்தவர். வீட்டில் மீன் வாங்கினால் ஒரு பங்கு நமக்கு வரும். இங்கே கிடைக்கிற மீனைப் பார்த்து அவரே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பேத்திக்குப் பல் முளைக்கிறது. இப்போது கிளம்ப முடியாது.

வெளியே போகும்போது பின்கதவைப் பூட்டு. சுவிட்சுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போ.

ஜெபத்தில் உன்னை மறக்காத,
நேசபாய்


மயிலாடி,
3 ஜூலை 2024

அன்பு மாமிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். சக்கை வற்றல் இரண்டு டின் போட்டாயிற்று. ஒரு டின் உங்களுக்கு.

மாமி, என் கடிதத்தில் மூன்றாம் தாள் இருந்ததா? உறைக்குள் மூன்று தாள் வைத்தேன். உங்கள் பதிலைப் பார்த்தால் இரண்டுதான் வந்தது போலத் தெரிகிறது. அதனால் மறுபடி சொல்லிவிடுகிறேன்: மாமாவின் பிரிண்டரைத் துணிக்கு மாற்றிவிட்டேன்.

எப்படி என்று கேட்பீர்கள். ஆறு மை டேங்க்கையும் கழுவித் துணிக்கான மை ஊற்றினோம். இளநீலமும் இளஞ்சிவப்பும் இருந்த இரண்டு டேங்க்கிலும் இப்போது வெள்ளை. தாளை இழுக்கிற சின்னப் பல்சக்கரங்களை முருகதாஸ் கழற்றிவிட்டார். ஈர மையில் அவை தடம் போடுமாம். துணியை மிஷினுக்குள் விடுவதில்லை. கண்ணாடித் தாள் மாதிரி ஒரு ஃபிலிம். அதில்தான் படம், இடவலம் மாறி. முதலில் நிறங்கள், அதன் மேல் வெள்ளை. ஈரம் காய்வதற்குள் பசைப்பொடி தூவி, உதறி, அடுப்படி ஓவனில் சூடாக்க வேண்டும். பிறகு ஃபிலிமைத் துணிமேல் கவிழ்த்துச் சூட்டில் அழுத்தி உரித்தால் படம் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் நாள் பழைய தலையணை உறையில் ஒரு செம்பருத்தி அடித்தேன். மழைக்காலம் இல்லையா, பொடி உதிரவே இல்லை. பூவைச் சுற்றிப் புட்டுமாவு அப்பின மாதிரி ஆகிவிட்டது. இப்போது பொடியை அரிசி டின்னில் காற்றுப் புகாமல் வைக்கிறேன்.

இந்த வெள்ளை மைதான் பெரிய ஜமீந்தார். நிறுத்தி வைத்தால் அடியில் சுண்ணாம்பு மாதிரி தங்கிவிடுகிறது. தினமும் காலையில் குலுக்க வேண்டும், சின்னதாக ஒரு படமாவது அடிக்க வேண்டும். இல்லையென்றால் ஹெட் அடைத்துக்கொள்ளும். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா வீட்டுக்குக்கூட ஒரு நாள் போய்த் தங்க முடியவில்லை.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள் மாமி. திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்,
ஸ்மைலின்


திருப்பூர்,
11 ஜூலை 2024

அன்பு மருமகளுக்கு,

எல்லோரும் சுகம். சக்கை வற்றல் உடையாமல் வந்து சேர்ந்தது. டின்னுக்குள் பழைய பேப்பர் திணித்து அனுப்பினது நல்ல புத்தி. பேத்தி பல் முளைத்த சந்தோஷத்தில் முழு வற்றலைக் கடிக்கப் பார்க்கிறது.

தபாலில் எதுவும் தொலையவில்லை. மூன்று தாளும் வந்தன.

மழை என்று எழுதியிருக்கிறாய். மேற்கு அறையில் ஓட்டுக்கு அடியில் ஒழுகும் இடத்தில் வாளி வை. கிணற்றில் தண்ணீர் எத்தனை உறை ஏறியிருக்கிறது? ஜெனித்தின் சட்டைகளை அலமாரியில் வைத்தபடி விடாதே, பூசணம் பிடிக்கும்.

இங்கே கபிரியேல் வீட்டம்மாவுக்கு நம்மூர்ப் புளிமுளம் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். கடற்கரைக்காரிக்கு நான் மீன்குழம்பு சொல்லித் தருகிறேனாம், “எக்கா, ஒங்களுக்கு இது கொஞ்சம் ஓவராட்டு இல்லியா?” என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சட்டியை வழித்தாள். அதுவே போதும்.

வெளியே போகும்போது சுவிட்சுகளைப் பார்.

அன்போடு,
நேசபாய்


மயிலாடி,
20 ஆகஸ்ட் 2024

அன்பு மாமிக்கு,

ஸ்தோத்திரம். எனக்குச் சளி இருந்தது, இப்போது பரவாயில்லை. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. மூன்று தாளும் வந்தன என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெனித்திடம் கேட்டேன். “எங்கம்மா ஒரு காரியத்த பேசலைன்னா அத விட்டுரு ஸ்மைலி” என்றார். விட முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சபை வாலிபர் சங்கத்தார் சுதந்திர தினப் பந்து விளையாட்டுக்கு ஜெர்ஸியில் நம்பர் அடிக்கக் கேட்டார்கள். முதல் ஆர்டர். சிவப்பு ஜெர்ஸி, வெள்ளை எழுத்து. அடித்துக் கொடுத்தபோது பளிச்சென்று இருந்தது. விளையாட்டு அன்றைக்குக் காலையில் பார்த்தால் எல்லா நம்பரும் ரோஸ். வெற்றிலை போட்டுத் துடைத்த மாதிரி ரோஸ்.

எதிர் டீம்காரர்கள் கரையிலிருந்து கத்தினார்கள்: “லே, பொண்ணு பாக்க வந்தியளா, பந்து விளையாட வந்தியளா?” நம்முடைய கோல்கீப்பர் வந்து என்னிடம், “மைனி, ஜெயிச்சிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்று ஆறுதல் சொன்னான். ஐந்து கோல் விட்டவன்.

முருகதாஸைக் கேட்டால், அது பாலியஸ்டர் துணி, சூட்டில் அதன் சாயம் கிளம்பி வெள்ளைக்குள் ஏறிவிடும், முதலில் பருத்தித் துணியில் அடித்துப் பழகியிருக்க வேண்டும் என்கிறார். இங்கே கடைகளில் பருத்தி என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் கலப்பு.

சங்கத்தார் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இந்த மிஷினைத் தொட்டதே தப்போ என்று அன்றைக்கு முழுக்கத் தோன்றியது. நீங்கள் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பீர்கள்.

எப்போது வருகிறீர்கள்?

ஸ்மைலின்


திருப்பூர்,
31 ஆகஸ்ட் 2024

அன்பு மருமகளுக்கு,

சளிக்கு நல்லமிளகுக் காப்பி போட்டுக் குடி. கருப்பட்டி மேல் அலமாரியில், சிவப்பு மூடி போட்ட பாட்டிலில் இருக்கிறது. எறும்பு ஏறியிருந்தால் தட்டிவிட்டுப் போடு.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கபிரியேல் யூனிட்டில் ஏற்றுமதிக்குத் தைத்துக் கழித்த டி-ஷர்ட்டுகள். எல்லாம் கறுப்பு. தையல் கோணல் என்று ஒதுக்கிவிட்டார்களாம். எனக்கு ஒரு கோணலும் தெரியவில்லை. உனக்குத் தரை துடைக்க ஆகும். சுத்தப் பருத்தி. பாலியஸ்டர் நூல் ஓர் இழைகூடக் கலக்கவில்லை, கபிரியேலிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

பார்சலைத் தையல் பக்கமாகப் பிரி. சாக்குத் துணி பிறகு உதவும்.

பேத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது நடக்கிற வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். ராகேலும் வேலைக்குப் போக வேண்டும்.

சுவிட்சுகளைப் பார்த்துக்கொள்.

நேசபாய்


மயிலாடி,
22 செப்டம்பர் 2024

அன்பு மாமிக்கு,

ஸ்தோத்திரம். பார்சல் வந்தது. தபால்காரர் யேசுதாசன் அண்ணன் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். “போஸ்ட் மாஸ்டரம்மா கட்டின கட்டு இது, பிரிக்க அரிவாள் வேணும்” என்றார்.

மாமி, இந்தத் துணியால் தரை துடைக்க எனக்கு மனசு வருமா? நான் தரையை எதனால் துடைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஜெனித்தின் கிழிந்த லுங்கி இன்னும் உழைக்கிறது. டி-ஷர்ட்டுகளில் என்ன செய்தேன் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

ஆனால் ஒரு கஷ்டம். வெள்ளை அடிக்கும்போது மீன் கண் மாதிரி சின்னச் சின்ன வட்டமாக மை விலகி நிற்கிறது. கறுப்புத் துணியில் அது அப்படியே ஓட்டையாகத் தெரிகிறது. மை மாற்றினேன். ஃபிலிம் மாற்றினேன். ஹெட்டைக் கழுவினோம். முருகதாஸ் அவர் கடை மிஷினில் இதே ஃபிலிமை அடித்துக் காட்டினார். ஓர் ஓட்டை இல்லை. “ஒங்க வீட்டுல என்னமோ இருக்கு, ஜெபம் பண்ணிப் பாருங்க” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் ஜெபமும் பண்ணிவிட்டேன்.

ஓட்டை விழுந்த ஒரு துண்டை இதனோடு வைத்திருக்கிறேன். எப்போதும் கீழே வலது மூலையில்தான் வருகிறது. உங்களுக்கு அனுப்பி என்ன பயன் என்று தெரியவில்லை. காட்டுவதற்கு வீட்டில் யாரும் இல்லை, அதனால் அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு சபைக் கீதபவனிக் குழுவுக்கு டி-ஷர்ட் கேட்டிருக்கிறார்கள். ரோஸ் கதை தெரிந்தும் கேட்கிறார்கள். இந்த ஓட்டை நிற்கவில்லை என்றால் மிஷினை முருகதாஸுக்கே கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மாமாவின் மிஷின்.

ஸ்மைலின்


மயிலாடி,
19 அக்டோபர் 2024

அன்பு மாமிக்கு,

போஸ்ட் கார்டில் எழுதுகிறேன், சீக்கிரம் வரும் என்று. நான் எழுதி நாலு வாரமாகியும் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். மிஷினைக் கொடுத்துவிடுவதாக எழுதியது மனதை வருத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொடுக்கவில்லை. காலையில் குலுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். மழை விடவில்லை.

ஸ்மைலின்


திருப்பூர்,
27 அக்டோபர் 2024

மக்களே,

கார்டு வந்தது. எனக்குச் சுகக்கேடு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். அவ்வளவுதான்.

நீ அனுப்பிய துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு ஒன்று சொல்கிறேன்.

அவர் குளத்துக்குப் போய்விட்டு வந்து எடுத்த படத்தை மிஷினில் அடிக்க உட்காரும் நேரமும், நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போகும் நேரமும் ஒன்று. ஒரு நாள் தாளை எடுத்துக் கொடு என்று சொன்னார், எடுத்துக் கொடுத்தேன். படம் வந்ததும் பார்த்தால் நாமக்கோழியின் வாலில் என் பெருவிரல். மை ஒட்டாமல் ரேகை ரேகையாக. “நேசம், ஒன் தலையில இருக்க எண்ணெய் பூராவும் எம் பறவை மேல” என்று சத்தம் போட்டார். கண்டக்டராக இருந்த காலத்தில் பஸ்ஸில் சில்லறை இல்லாதவனைக்கூட அப்படிச் சத்தம் போட்டிருக்க மாட்டார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போவதென்றால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முன்னும் பின்னும் காட்ட வேண்டும். கையில் வாசம் பிடித்துப் பார்ப்பார். தேங்காய் எண்ணெய் வாசம் இருந்தால் வாசலோடு சரி.

நீயும் காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாய். முருகதாஸ் தலையில் எண்ணெய் வைக்க முடி இல்லை, உன் கல்யாணத்தில் பார்த்தேனே.

இன்னொன்றும் சொல்லுவார். அந்த மிஷினுக்கு எல்லா நிறமும் தெரியும், வெள்ளை மட்டும் தெரியாது. “கொக்குன்னு நீ பாக்கது கொக்கு இல்ல நேசம், அது வெறும் தாளு. மிஷினு சுத்திவர குளத்த வரைஞ்சிட்டு கொக்க விட்டிருது” என்பார். அதில் அவருக்கு ஒரு குறைதான்.

மிஷினை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

நேசபாய்


மயிலாடி,
24 நவம்பர் 2024

அன்பு மாமிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே எண்ணெய் வைக்காமல், சோப்புப் போட்டுக் கழுவி, என் கையை நானே வாசம் பிடித்துப் பார்த்துவிட்டு ஃபிலிமைத் தொட்டேன். ஓர் ஓட்டை இல்லை. ஃபிலிமைப் பிடித்து விடும்போது என் வலது பெருவிரல் படும் இடம்தான் அந்த மூலை. முருகதாஸிடம் போனில் சொன்னேன். அவருடைய தலையைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் சொல்லவில்லை. இப்போது எண்ணெய் வைப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டேன். கீதபவனி டி-ஷர்ட்டுகள் முடிந்துவிட்டன, வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

மாமி, அந்தக் கடிதத்தில்தான் நீங்கள் முதல் தடவையாக மாமாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை யேசுதாசன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் மாமா போன அந்தக் காலையில் நான் மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டில் இருந்தேன், வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. முதலில் வந்தவர் அவர்தானாம். அவர் சொன்னார்:

“அவரு நாற்காலில தல சாஞ்சு கெடக்காரு மக்கா. ஆளு கூடியாச்சு. மிஷினு மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி கடகடன்னு ஓடிட்டே இருக்கு. எல்லாரும் அதையே பாக்கோம். நேசம் அக்காதான் எழும்பிப் போயி செவருல இருந்த சுவிட்ச ஒரு தட்டு தட்டினா. பொறவுதான் வீட்டுல அழுக கேட்டுது.”

நான் அதற்குப் பிறகு டீ போடப் போய்விட்டேன்.

முதல் கடிதத்தில் முருகதாஸ் சொன்னதை நான் அப்படியே எழுதியிருக்க வேண்டாம். எனக்கு அன்றைக்குத் தெரியாது. இத்தனை மாதமும் உங்களுக்கு என்மேல் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முருகதாஸிடம் மறுபடி கேட்டேன். அவ்வளவு வருஷம் ஓடின ஹெட் எப்படி அணைத்தாலும் போகத்தான் போகும் என்றார். நான் வீட்டில் இருந்திருந்தாலும் அந்தச் சுவிட்சைத்தான் தட்டியிருப்பேன் மாமி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

குளத்துக்குப் பறவைகள் வந்துவிட்டன. சுசீந்திரம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் இருந்து பார்த்தேன். மாமாவின் கம்ப்யூட்டரில் அந்தக் கொக்குப் படம் முழுதாக இருக்கிறது. குளத்தை எடுத்துவிட்டுக் கொக்கை மட்டும் வைத்து, நீங்கள் அனுப்பிய கறுப்புத் துணி ஒன்றில் அடித்திருக்கிறேன். பார்சலில் வருகிறது. கால் வரைக்கும் இருக்கிறது. தொட்டுப் பாருங்கள். இது தாள் இல்லை, மிஷின் அடித்த வெள்ளை.

பிடிக்கவில்லை என்றால் தரை துடைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ஸ்மைலின்


திருப்பூர்,
9 டிசம்பர் 2024

மக்களே,

பார்சல் வந்தது. கட்டு போதாது, ஒரு பக்கம் நூல் விட்டிருந்தது. வந்து சொல்லித் தருகிறேன்.

துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பேத்தி நடந்து வந்து கொக்கின் மூக்கைப் பிடித்தது. ஆமாம், நடக்கிறது. கபிரியேல் வந்து துணியைக் கையில் வாங்கி, நகத்தால் சுரண்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்தார். “யாரு அடிச்சது, நல்ல வேலையாட்டு இருக்கே” என்றார். என் மருமகள் என்று சொன்னேன். எந்த மிஷின் என்று கேட்டார். எங்கள் வீட்டு மிஷின் என்று சொன்னேன்.

ராகேல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன் வாரம் வந்துவிடுவேன். மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், மிஷினை விட்டுவிட்டு வராதே. பஸ் ஏறி வரத் தெரியும் எனக்கு, கண்டக்டர் பெண்டாட்டிதானே.

ஜனவரியில் அவருடைய நினைவு ஆராதனைக்கு யாருக்கும் கார்டு அடிக்க வேண்டாம். கபிரியேலிடம் கறுப்புத் துணிப்பைகள் சொல்லியிருக்கிறேன், நானே கொண்டுவருகிறேன். கொக்கைப் போடு. நாமக்கோழியையும் போடு. அவர் முகத்தைப் போடாதே. பையில் போட்டு யாராவது சாளை மீன் வாங்கிக்கொண்டு போவார்கள், அவருக்குப் பிடிக்காது.

பாதித் தாள் கீர்த்தனைப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

இனிக் காலையில் வெள்ளையை நான் குலுக்கிக்கொள்கிறேன். கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன். நீ மார்த்தாண்டம் போய் உன் அம்மாவோடு நாலு நாள் இருந்துவிட்டு வா.

ஒன்று மட்டும். நான் வந்ததும் அந்த மிஷினை எப்படி அணைக்க வேண்டும் என்று காட்டித் தா. எந்தப் பட்டன், அமுக்கினபிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், உள்ளே அது போய் உட்கார்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும், எல்லாம். மெதுவாகக் காட்டு. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
மாமி